குடலில் குடியிருப்போரும் நம் தட்டும்

‘நல்ல பாக்டீரியா’, ‘கெட்ட பாக்டீரியா’ என்று பிரித்துப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரைக் குப்பியின்மேல் அந்தச் சொல் இருக்கிறது. தயிர்க் கிண்ணத்தின் மூடியிலும் இருக்கிறது. நல்லவர்களை விலை கொடுத்து வாங்கி விழுங்கிவிட்டால், அவர்கள் உள்ளே சென்று கெட்டவர்களை விரட்டிவிடுவார்கள் என்று நாமும் நம்பிவிடுகிறோம். சினிமாக் கதைபோல் இது எளிதாக இருக்கிறது. எளிதாக இருப்பதனாலேயே எனக்கு இதில் ஐயம்.

விலங்கியல் படிப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலராக் கிருமியையும் டைபாய்டுக் கிருமியையும் விட்டுவிடுங்கள். அவை வந்து தாக்கும் பகைவர். ஆனால் நம் பெருங்குடலில் வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை, நன்மையும் தீமையும் அவற்றின் பெயரில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவற்றின் ஜீன்களுள் இன்றைக்கு எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அது அமைகிறது. திறப்பதும் பூட்டுவதும் யார்? நாம் உண்ணும் தாவர உணவிலுள்ள சர்க்கரைகள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் இதைச் சும்மா சொன்னால் நீங்கள் நம்பவேண்டியதில்லை.

ஜீன்களுக்குப் பூட்டு உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ‘லாக் ஓபரான்’ படத்தை வரையாமல் இக்கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ தேறியவர் உண்டா? ஒரு நீண்ட கோடு, அதில் நாலைந்து கட்டங்கள், கட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு முட்டை வடிவம். படத்துக்கு இரண்டு மதிப்பெண், விளக்கத்துக்கு மூன்று. பேராசிரியப் பெருமக்கள் கோபிக்கமாட்டார்கள் என்ற துணிவில் சொல்கிறேன்: அந்தப் படத்தை நான் நான்கு தேர்வுகளில் வரைந்திருக்கிறேன், அது ஓர் உயிர் பசியோடு எடுக்கும் முடிவு என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

அதன் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் பாரிஸ் நகரில் ஜாக் மோனோ என்ற இளைஞர் தம் டாக்டர் பட்டத்துக்காகப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். இரண்டையும் ஒருசேர உண்டு சீராக வளரும் என்று எதிர்பார்ப்போம் அல்லவா? சில கலவைகளில் அப்படி நடக்கவில்லை. விரைவாக வளர்ந்தன, பிறகு சற்று நேரம் வளர்ச்சியே இல்லை, மீண்டும் வளரத் தொடங்கின. குளுக்கோஸும் பால் சர்க்கரையாகிய லாக்டோஸும் கலந்திருந்தால் எஸ்செரிசியா கோலி முதலில் குளுக்கோஸைத் தீர்க்கிறது. அது தீர்ந்த பின்பே லாக்டோஸை உடைக்கும் நொதியைச் செய்யத் தொடங்குகிறது. இடையில் நின்ற அந்த நேரம், அடுத்த உணவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்ட நேரம். மோனோவும் பிரான்ஸ்வா ஜாக்கோபும் 1961ஆம் ஆண்டு இதற்கு விளக்கம் தந்தார்கள். லாக்டோஸ் ஜீன்களின் வாயிலில் ஒரு தடைப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் வந்தால், அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தடைப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, தடை விலகுகிறது, ஜீன் வேலை செய்கிறது. 1965ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் ஆந்த்ரே லுவோஃப் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பாடப் புத்தகம் இத்துடன் நின்றுவிடுகிறது. அதுதான் என் குறை. எஸ்செரிசியா கோலி சோதனைச் சாலையில் வளர்க்க வசதியானது. ஆனால் நம் பெருங்குடலில் அது மிகச் சிறுபான்மையினம். அங்கே பெரும்பான்மையாக வாழ்வோர் வேறு. அவர்கள் உண்பதும் வேறு.

என்ன உண்கிறார்கள்? நம் உடலின் சொந்த நொதிகள் மாவுப்பொருளை உடைக்கும். கரும்புச் சர்க்கரையை உடைக்கும். பால் சர்க்கரையை உடைக்கும். ஏறக்குறைய அவ்வளவே நம் திறமை. துவரம்பருப்பிலும் உளுந்திலும் கொண்டைக்கடலையிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. கரும்புச் சர்க்கரையோடு காலக்டோஸ் என்னும் மணியை ஒன்றோ இரண்டோ கோத்தாற்போன்ற அமைப்பு. அந்தக் கோவையை அறுக்கும் கத்தி நம் குடலில் இல்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்னும் சங்கிலிகள்; கேழ்வரகு, கோதுமை ஆகியவற்றின் தவிட்டில் அராபினோசைலான்; காய்கனிகளில் பெக்டின். இவையெல்லாம் சிறுகுடலைக் கடந்து, பிரிக்கப்படாத கடிதம்போல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே இருப்பவர்கள் பிரித்துப் படிக்கிறார்கள். விடுதியில் சுண்டல் போட்ட மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை எழுத வேண்டியதில்லை. அந்த வாயு கேலிக்குரியதன்று. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி!

பெருங்குடலில் வாழ்வோரில் இருவரை மட்டும் அறிமுகம் செய்கிறேன்.

முதலாவது, பிஃபிடோபாக்டீரியம். தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்திலிருந்து 1899ஆம் ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆன்றி டிஸ்ஸியே என்பவர் இதைக் கண்டறிந்தார். கவைக்குச்சிபோல் இரண்டாகப் பிரிந்த உருவம், அதனால் அப்பெயர். கடையில் ‘நல்லது’ என்று விற்கப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. இதன் ஓரினமாகிய பிஃபிடோபாக்டீரியம் லாங்கத்தின் ஜீன் தொகுதி முழுவதும் 2002ஆம் ஆண்டு படித்து வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 22.5 லட்சம் எழுத்துக்கள். அவற்றுள் சுமார் 1,700 ஜீன்கள். அவற்றில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை சர்க்கரைகளை உள்ளே கொண்டுவரவும் உடைக்கவுமே ஏற்பட்டவை. தாவரச் சர்க்கரைத் துண்டுகளுக்கென்றே தனித்தனிக் கட்டுகளாக அந்த ஜீன்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் மூன்று உறுப்புக்கள் காணலாம்: சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதம், அதை வெட்டும் நொதி, இவை இரண்டையும் அடக்கி வைக்கும் பூட்டு. ஒழுங்குபடுத்தும் புரதங்களுள் பெரும்பாலானவை தடைப் புரதங்களாகவே இருந்தன. அதாவது எல்லாக் கதவும் இயல்பாகச் சாத்தியே இருக்கும். ராஃபினோஸ் வந்தால் ராஃபினோஸின் கதவு திறக்கும். அராபினோஸ் வந்தால் அதன் கதவு. சாவி வேறெங்கும் இல்லை. வரும் சர்க்கரையோ, அதிலிருந்து பிரிந்த துண்டோதான் சாவி.

ஏன் இப்படி? எல்லாக் கதவுகளையும் எப்போதும் திறந்து வைத்தால் என்ன? புரதம் செய்வது பாக்டீரியாவுக்குப் பெருஞ்செலவு. வீட்டில் பத்து அடுப்பு இருக்கலாம்; உலையில் போட அரிசி இல்லாமல் பத்தையும் எரித்தால் விறகு என்னாவது? பக்கத்திலேயே கோடிக்கணக்கான போட்டியாளர்கள் இருக்கும் இடத்தில் விறகை வீணாக்கியவன் பிழைக்கமாட்டான்.

இங்கே நம் பாடப் புத்தகத்துக்கு நேர்மாறான ஒரு செய்தி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்செரிசியா கோலி லாக்டோஸை விட்டுக் குளுக்கோஸை விரும்புகிறது என்று பார்த்தோம். பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் இரண்டும் இருக்கும்போது லாக்டோஸையே விரும்புகிறது! லாக்டோஸ் இருக்கும் வரையில், குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் புரதத்தின் ஜீன் அடக்கி வைக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. பால்குடிக் குழந்தையின் குடலில் பழகிய ஓர் உயிருக்கு இது பொருத்தமே அன்றோ? ‘பாக்டீரியாக்கள் எப்போதும் குளுக்கோஸையே முதலில் உண்ணும்’ என்று நாம் தேர்வில் எழுதும் வாக்கியத்தில் ‘எப்போதும்’ என்ற சொல்லை அடித்துவிடலாம்.

உண்டபின் பிஃபிடோபாக்டீரியம் வெளியிடுவது என்ன? அதற்கே உரிய ஒரு பாதையில், இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகளிலிருந்து மூன்று அசெட்டேட்டும் இரண்டு லாக்டேட்டும் உண்டாகின்றன. இந்த அமிலங்களால் பெருங்குடலில் புளிப்புத்தன்மை ஏறுகிறது. பல நோய்க்கிருமிகளுக்கு அது ஒவ்வாது. இவற்றையே வேறு சில பாக்டீரியாக்கள் எடுத்து பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்த பியூட்டிரேட்டே. நாம் சுண்டலைத் தின்கிறோம். நம்மால் செரிக்க முடியாததை அவர்கள் தின்கிறார்கள். அவர்கள் கழித்ததை நம் குடல் தின்கிறது. கூட்டுறவுச் சங்கம் என்றால் இதுவல்லவா சங்கம்!

ஆகவே பிஃபிடோபாக்டீரியத்தின் நன்மை என்பது இந்த அமிலங்கள். அமிலம் வேண்டுமானால் சர்க்கரை போய்ச் சேரவேண்டும். சர்க்கரை போகாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது, வயலுக்கு நீர் விடாமல் நாற்று நடுவதற்கு ஒப்பாகும். மருத்துவர் ஒரு நோய்க்காக எழுதித் தருவது வேறு. அதில் நான் தலையிடவில்லை.

இரண்டாவது குடியிருப்பாளரைப் பார்ப்போம். பாக்டீராய்டிஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இனித் ‘தீட்டா’ என்றே எழுதுகிறேன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அபிகெயில் சாலியர்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய மாணவர்களும் இது மாவுப்பொருளை உண்ணும் விதத்தை ஆராய்ந்தார்கள். அதற்கென எட்டு ஜீன்கள் உள்ளன. சில புரதங்கள் பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் நின்று மாவுச் சங்கிலியைப் பிடிக்கின்றன. ஒன்று அங்கேயே வெட்டுகிறது. ஒன்று துண்டுகளை உள்ளே தள்ளும் வாயில். உள்ளே இருப்பவை பொடியாக்குகின்றன. இந்த எட்டில் ஒன்று காவலாள். மால்ட்டோஸ் துண்டு உள்ளே வந்தது என்று அறிந்ததும் மற்ற ஏழையும் அது முடுக்கிவிடுகிறது. பிஃபிடோபாக்டீரியத்தில் தடை விலகியது. இங்கே அழைப்பு மணி அடிக்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்றே.

தீட்டாவின் ஜீன் தொகுதி 2003ஆம் ஆண்டு வெளியானது. 4,779 புரதங்களுக்கான ஜீன்கள். மாவுக்கு ஒரு தொகுதி இருப்பதுபோல் பலவகைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கென்று 88 தொகுதிகள் இருப்பது பின்னர் எண்ணிக் காணப்பட்டது. பலவற்றுக்குத் தனித்தனி உணர்வுப் புரதம். எடுத்துக்காட்டாக, வெங்காயம், பூண்டு போன்றவற்றில் உள்ள ஃப்ரக்டான் வகைச் சங்கிலிகளை உண்ணும் தொகுதிக்கு ஃப்ரக்டோஸே மணி அடிக்கிறது.

நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அடுத்துச் சொல்லப்போவதுதான். அந்த 88 தொகுதிகளுள் எல்லாமே தாவரச் சர்க்கரைக்கு ஏற்பட்டவையல்ல. நம் பெருங்குடலின் உட்சுவரைப் பாதுகாக்கும் சளிப்படலம் இருக்கிறதே, அதிலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றை உண்பதற்கும் தீட்டாவிடம் ஜீன்கள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் தீட்டாவைக் குடியேற்றினார்கள். ஒரு பிரிவு எலிகளுக்குத் தாவர நார் மிகுந்த உணவு. மற்றொரு பிரிவுக்குச் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும் எளிய சர்க்கரைகள். முதல் பிரிவில், தாவரச் சங்கிலிகளை உடைக்கும் ஜீன்கள் திறந்திருந்தன. இரண்டாம் பிரிவில் அதே தீட்டா, அதே ஜீன் தொகுதி. ஆனால் சளிப்படலத்தை உண்ணும் ஜீன்கள் திறந்துகொண்டன. வெளியிலிருந்து சாப்பாடு வராதபோது குடியிருப்போர் வீட்டுச் சுவரைச் சுரண்டத் தொடங்கிவிட்டார்கள்!

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2016இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மனிதக் குடலைச் சேர்ந்த 14 இனங்களை எலிகளில் ஒன்றாகக் குடியேற்றிப் பார்த்தார்கள். நார் இல்லாத உணவில் சளிப்படலம் மெலிந்தது. பிறகு எலிகளுக்கு நோய் தரும் ஒரு கிருமியைப் புகுத்தியபோது, நார் உண்ட எலிகள் தாங்கின. நார் உண்ணாதவை கடுமையாக நோயுற்றன. அந்தப் பதினான்கும் இல்லாமல் நார் இல்லா உணவை மட்டும் தின்ற எலிகளுக்கு அந்த அளவுக்குக் கேடு வரவில்லை. கேடு செய்தது பட்டினி போடப்பட்ட குடியிருப்பாளரும் புகுந்த கிருமியும் சேர்ந்து.

இப்போது சொல்லுங்கள், தீட்டா நல்லதா கெட்டதா? கீரை உண்டவன் வயிற்றில் நல்லது. வெள்ளைச் சோறும் சர்க்கரையுமாக உண்டவன் வயிற்றில் அவ்வளவு நல்லதல்ல. கேள்வியே தவறு என்பதுதான் என் வாதம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் மிகுதியாகப் பெருங்குடலை எட்டினால், தீட்டா குடலில் நிலைத்து வாழ உதவும் ஒரு புரதத்தின் உற்பத்தியையே அவை அடக்கிவிடுகின்றன என்று எலிகளில் கண்டார்கள். சர்க்கரை அதற்கு உணவுதானே, கொடுத்தால் கொழுக்கும் என்று எண்ணுவோம். உணவாக மட்டும் அது வருவதில்லை, கட்டளையாகவும் வருகிறது.

‘எல்லாம் எலிக் கதைதானே?’ என்று என் அறைத் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. எலி மனிதனாகாது, எலியின் உணவும் நம் உணவாகாது. ஆனால் பூட்டும் சாவியும் இருப்பது எலியிடமல்ல, பாக்டீரியாவிடம். அது எந்தக் குடலில் இருந்தாலும் தன் பூட்டுக்களைத் தன்னுடனேயே கொண்டுசெல்கிறது. மனிதரிடம் செய்த ஆய்வும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் சில தன்னார்வலர்கள் ஐந்து நாள் முழுக்கத் தாவர உணவும், வேறு ஐந்து நாள் முழுக்க இறைச்சி, முட்டை, பாற்கட்டி உணவும் உண்டார்கள். ஐந்தே நாளில் குடல் பாக்டீரியாக்களின் விகிதமும், அவற்றில் வேலை செய்யும் ஜீன்களும் மாறின. தாவர உண்ணி விலங்குகளுக்கும் ஊன் உண்ணிகளுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டை அது ஒத்திருந்தது. 2014இல் வெளிவந்தது. இறைச்சி உண்பது தவறு என்று நான் இதிலிருந்து சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதலில் நிற்பவன் நான்தான்.

பூட்டு மட்டுமல்ல, ஜீனே வந்து சேர்ந்த கதையும் உண்டு. ஜப்பானியர் கடற்பாசியைத் தாளாகச் செய்து சோற்றைச் சுற்றி உண்பார்கள். அந்தப் பாசியிலுள்ள போர்ஃபிரான் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் நொதி கடல் பாக்டீரியாக்களிடம் உண்டு. அதே நொதியின் ஜீன் ஜப்பானியரின் குடலில் வாழும் ஒரு பாக்டீராய்டிஸ் இனத்திலும் இருப்பதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அது இல்லை. பாசியோடு ஒட்டிவந்த கடல் பாக்டீரியாவிடமிருந்து அந்த ஜீன் தாவியிருக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக உண்ட உணவு குடலில் ஓர் எழுத்தை எழுதிவைத்துவிட்டது.

எழுதப்பட்டது அழியவும் கூடும். மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நான்கு தலைமுறை நார் குறைந்த உணவில் வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சில இனங்கள் மறைந்தன. கடைசியில் நார் மிகுந்த உணவைத் திரும்பக் கொடுத்தும் மறைந்த பல இனங்கள் மீளவில்லை. பட்டினி கிடந்தவன் எழுந்துவிடுவான். ஊரைவிட்டே போனவன் தானாகத் திரும்புவதில்லை. இதுவும் 2016ஆம் ஆண்டுச் செய்தி. நம் பாட்டி காலத்தில் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் அன்றாட உணவு. இன்று விடுதியில் மூன்று வேளையும் தீட்டிய அரிசி. பழையது எல்லாம் பொன் என்று பாடும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். களி உண்ட அந்தத் தலைமுறையில் பலர் வேறு வழியின்றியே களி உண்டார்கள். அரிசிச் சோறு அவர்களுக்குக் கனவாக இருந்தது. அந்தக் கனவை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆயினும் களியை விட்ட நாம் அதன் தவிட்டையும் சேர்த்தே விட்டுவிட்டோம். குடலில் சில பூட்டுகள் திறப்பாரின்றிக் கிடக்கின்றன.

ஆகையால் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று வகுப்பறைக்கு. எஸ்செரிசியா கோலியின் இரட்டை வளர்ச்சியைப் படமாக வரைவதற்குப் பதில் ஒருமுறை கண்ணால் காண வழிசெய்யுங்கள். நோய் தராத சோதனைச்சாலை வகையும், சிறிதளவு குளுக்கோஸும் அதைவிட அதிகமாக லாக்டோஸும் சேர்த்த உப்புக்கரைசலும், வெப்பக் குடுவையும், நம் ஆய்வுக்கூடத்து மூலையில் தூசி படிந்திருக்கும் கலரிமீட்டரும் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கலங்கலை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் ஒரு நாளுக்குள் மோனோ கண்ட அந்தப் படிக்கட்டு நம் தாளிலும் தெரியும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அப்புறம் யாரும் மனப்பாடம் செய்யமாட்டார்கள்.

மற்றது விடுதி உணவுக் குழுவுக்கு. மாத்திரைக்குச் செலவிடும் காசில் சிறு பங்கு போதும். சாம்பாரில் பருப்பும் சின்ன வெங்காயமும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். இப்போது அவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கீரை, இரண்டு நாள் சுண்டல், ஒரு நாள் கேழ்வரகு. சுண்டலை எடுத்த எடுப்பில் கிண்ணம் கிண்ணமாகப் போடவேண்டாம். ஜீன் திறக்கச் சில நிமிடம் போதும். ஆனால் அந்தச் சர்க்கரையை உண்பவர்கள் எண்ணிக்கையில் பெருகச் சில நாள் வேண்டும். அதற்குள் அவசரப்பட்டால் வயிறு உப்பி, திட்டத்தையே கைவிடச் சொல்வார்கள். கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ராஃபினோஸில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். தொடக்கத்தில் அப்படியே செய்யலாம். முதல் இரண்டு வாரம் ஆளுக்கு ஒரு கரண்டி, பிறகு இரண்டு.